மரத்தை எண்ணும்போது மண்ணையும் தோண்டுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சென்ற இதழில் காவிரிக்கரை மருத மரங்களைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதினேன். பெரிய மருதங்கள் நிறைய நின்றாலும் கவலையாக இருக்கிறது, மரம் எண்ணுபவர்கள் குழி வெட்டி மண்ணையும் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் சாரம். அதற்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்த காலத்தில், என் கோடை விடுமுறைகள் பெரும்பாலும் பிலிகுண்டுலுவுக்கும் ஒகேனக்கல்லுக்கும் இடையே ஆற்றங்கரையில்தான் கழிந்தன. தோளில் அளவு நாடா, கையில் மண் துளைப்பான், பையில் பழைய செய்தித்தாள் கட்டு. அந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறேன்.

ஒகேனக்கல்லுக்கு மேலே காவிரிக்கரைக் காட்டில் தாவரக் கணக்கெடுப்பு செய்யப் போகிறேன். பத்துக்குப் பத்து மீட்டரில் முப்பது சதுரங்கள் போடச் சொல்கிறார் வழிகாட்டி. எங்கே போடுவது என்று கேட்டால் "குலுக்கல் முறையில் போடு" என்கிறார்கள். ஆற்றங்கரையில் அது சரிப்படுமா, அம்மா?
*முதுநிலை மாணவி, தருமபுரி*

மேட்டுக்காட்டில் சரிப்படும். ஆற்றங்கரையில் ஏமாற்றிவிடும். கரைக்காடு ஒரு நீள ரிப்பன் மாதிரி. சில இடங்களில் ஐம்பது அடி அகலம்தான் இருக்கும். குலுக்கிப் போட்டால் பாதிச் சதுரங்கள் ஒரே மட்டத்தில் விழுந்துவிடும், தண்ணீரை ஒட்டிய விளிம்பில் ஒன்றுகூட விழாமலும் போகும். என் முதல் கணக்கெடுப்பில் எனக்கு இதுதான் நடந்தது. நடக்க வசதியாக இருந்த ஒற்றையடிப் பாதையை ஒட்டியே கரைநெடுகச் சதுரம் போட்டுக்கொண்டு போனேன். நாற்பது சதுரம் முடித்து வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால், நாற்பதும் ஒரே கதையைத்தான் சொன்னது. அந்தக் கோடையின் உழைப்பை எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ஆற்றுக்குக் குறுக்காகப் போங்கள். தண்ணீர் விளிம்பில் ஒரு முளையடித்து, அங்கிருந்து நேராக மேட்டை நோக்கி நாடாவைப் பிடியுங்கள். வெள்ளம் எட்டாத இடம் வரும்வரை நிறுத்தக் கூடாது. அந்த இடம் வந்துவிட்டதை மரங்களே சொல்லிவிடும். மருதும் நாவலும் புங்கும் நின்று, ஆச்சாவும் துரிஞ்சியும் தொடங்கினால் மேட்டுக்காட்டுக்குள் வந்துவிட்டீர்கள். இப்படி ஒரு குறுக்குக்கோட்டை முடித்துவிட்டு, கரையோரமாக 250 மீட்டரோ 500 மீட்டரோ தள்ளி அடுத்ததைத் தொடங்குங்கள். குலுக்கல் வேண்டும் என்று வழிகாட்டி விரும்பினால் முதல் கோடு எங்கே தொடங்குவது என்பதற்கு மட்டும் குலுக்குங்கள். அவருக்கும் திருப்தி, முறைக்கும் பங்கம் இல்லை. மரத்துக்குப் பத்துக்குப் பத்து, அதன் மூலையில் புதருக்கு ஐந்துக்கு ஐந்து, பூண்டுக்கும் நாற்றுக்கும் ஒன்றுக்கு ஒன்று என்ற வழக்கமான அளவுகளே போதும்.

ஒவ்வொரு சதுரமும் ஆற்று மட்டத்துக்கு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைக் கட்டாயம் குறியுங்கள். கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் உயரக் கணக்கை நம்பாதீர்கள். அதில் பல மீட்டர் பிசகும், இங்கே அரை மீட்டர் வித்தியாசத்தில் மரக்கூட்டமே மாறிவிடும். கொத்தனார்கள் மட்டம் பார்க்க வைத்திருக்கிறார்களே, தண்ணீர் நிரப்பினால் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதில் இருபது மீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு முனையை நீங்கள் பிடிக்க, மறுமுனையை இன்னொருவர் பிடித்தால் சென்டிமீட்டர் சுத்தமாக ஏற்ற இறக்கம் கிடைக்கும். நான் இன்றும் அதைத்தான் நம்புகிறேன்.

அனுமதியை மறக்காதீர்கள். நீங்கள் சொல்லும் கரை 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தில் வருகிறது. எதிர்க்கரை கர்நாடகம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆய்வுக்காக நுழைவதற்கும், மாதிரிக்கு ஒரு கிளை ஒடிப்பதற்கும் எழுத்துமூல அனுமதி வேண்டும். கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம், இன்றே விண்ணப்பியுங்கள். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை போவது நல்லது. தண்ணீர் இறங்கியிருக்கும், கரை முழுதும் தெரியும். ஆனால் அந்த மாதங்களில்தான் யானைகளும் தண்ணீர் தேடி ஆற்றுக்கு வரும். வேட்டைத் தடுப்புக் காவலர் முன்னால் நடக்காமல் ஒரு அடி எடுத்து வைக்காதீர்கள். மடுவில் முதலை உண்டு. குடத்தை நிரப்பக்கூட ஆழமான பக்கம் இறங்க வேண்டாம்.

மண் மாதிரியை 0–15, 15–30 சென்டிமீட்டரில் எடுத்தால் போதும் என்பதுதான் எங்கள் பாடம். நீங்கள் குழி வெட்டச் சொல்கிறீர்கள். அவ்வளவு உடல் உழைப்பு அவசியமா?
*ஆய்வு மாணவர், ஈரோடு*

அவசியம், தம்பி. வயலில் ஏர் மண்ணைக் கலக்கிவிடுகிறது. அங்கே உங்கள் பாடம் சரி. படுகைக் காட்டில் எந்த ஏரும் ஓடவில்லை. ஒவ்வொரு வெள்ளமும் கொண்டுவந்ததை முந்தையதன் மேல் விரித்துவிட்டுப் போகிறது. மேலே அரையடி மணல், கீழே விரற்கடை அளவு வண்டல், அதற்கும் கீழே களி என்று இருக்கும் இடத்தில் 0–15, 15–30 என்று வெட்டினால் இரண்டு வெள்ளத்தை ஒரே பைக்குள் போட்டுக் கலக்கிவிடுகிறீர்கள். ஆய்வகம் தரும் எண், எங்குமே இல்லாத ஒரு மண்ணின் எண்ணாக இருக்கும். அடுக்கு மாறும் இடத்தைக் கண்ணால் பார்த்து, அடுக்குக்கு ஒரு பை எடுங்கள்.

ஒரு குழியைப் பற்றிச் சொல்கிறேன். பிலிகுண்டுலுவுக்குக் கீழே ஒரு வளைவில் பெரிய மருது ஒன்று நின்றது. மருதின் அடிமரம் பொதுவாக வேர் பிரியும் இடத்தில் அகன்று, யானைக்கால் மாதிரி விரிந்துதான் மண்ணுக்குள் போகும். இந்த மரமோ நட்டுவைத்த கம்பம் மாதிரி நேராக மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அப்படி நின்றால் அடிமரம் புதைந்திருக்கிறது என்று அர்த்தம். வேருக்கு இடைஞ்சல் இல்லாமல் ஒன்றரை மீட்டர் தள்ளி ஒரு குழி வெட்டினோம், பிறகு அடிமரத்தை ஒட்டிக் கைக்கரண்டியால் கவனமாகக் கிளறினோம்.

முதல் 9 சென்டிமீட்டர் இலைச்சருகு கலந்த பழுப்பு மண். அதன் கீழே 38 வரை பருமணல். வெயிலில் காக்காப்பொன் மினுமினுத்தது. கையில் பிடித்தால் உருண்டை நிற்கவில்லை, விரலிடுக்கில் ஓடியது. அந்த மணலின் அடியில், சரியாக அடுக்கு மாறும் கோட்டில், ஒரு ஷாம்பு பாக்கெட். நிறம் வெளுத்திருந்தாலும் பின்புறம் அச்சான எழுத்தில் 2005 என்று படிக்க முடிந்தது. அதற்குக் கீழே சாம்பல் பழுப்பில் மெல்லிய வண்டல், நடுநடுவே துருப்பிடித்த செம்புள்ளிகள். 62 சென்டிமீட்டரில் ஒரு கருத்த பட்டை. மக்கிய இலையும் கரித்துண்டும் கலந்த அந்தப் பட்டைதான் பழைய தரை. மரத்தின் விரிந்த அடிவேரும் சரியாக அதே மட்டத்தில் இருந்தது. மருது முளைத்து வளர்ந்த தரை அது. நாங்கள் நின்றுகொண்டிருந்தது அதற்கு இரண்டடி மேலே.

அந்தப் பாக்கெட் எனக்கு என்ன சொன்னது? அதற்கு மேலே இருக்கும் மணல் 2005க்கு முன்னால் வந்திருக்க முடியாது என்று சொன்னது. அவ்வளவுதான். எந்த ஆண்டு வெள்ளம் என்று அதை வைத்து எழுதினால் அது கற்பனை. மாணவர்கள் இந்த இடத்தில் ஆசைப்பட்டு ஓரடி கூடுதலாகத் தாண்டிவிடுவார்கள். தாண்டாதீர்கள்.

குழியில் கவனிக்க வேண்டிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். செம்புள்ளி இருந்தால் அந்த அடுக்கில் நீர்மட்டம் ஏறி இறங்குகிறது. நீர் நின்று காற்றுப் போகாத காலத்தில் இரும்பு கரைந்து மண் சாம்பல் நிறமாகும். நீர் வடிந்து காற்று நுழைந்தால் துருவாகப் படியும். பழைய வேர் போன துளைகளைச் சுற்றி அந்தத் துரு குழாய் போல ஒட்டியிருக்கும். அதை நீங்களே கண்டால் மறக்க மாட்டீர்கள். அடுக்கு முழுதும் சாம்பலாகவே இருந்தால் தண்ணீர் அங்கே நெடுநாள் நிற்கிறது. நிறத்தை "கருஞ்சாம்பல்" என்று வாய்க்கு வந்தபடி எழுதாமல் மண் நிறங்களைக் குறியீட்டோடு அச்சடித்திருக்கும் மன்செல் வண்ண அட்டையோடு ஒப்பிட்டு எழுதுங்கள். மண்ணை ஈரமாக்கி, நேர் வெயிலில் வைத்துப் பாருங்கள். மர நிழலில் பார்த்தால் இலையின் பச்சை கலந்து நிறம் பிசகும்.

கரிமச்சத்தையும் அடுக்குவாரியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மேட்டுமண்ணில் ஆழம் போகப்போக அது சீராகக் குறையும். வெள்ள மண்ணில் குறைந்து, திடீரென்று கூடி, மறுபடி குறையும். கூடும் இடம் புதைந்த பழைய தரை. மண் வகைப்பாட்டில் ஃப்ளூவென்ட் என்ற ஆற்றுவண்டல் வகையைப் பிரிப்பதற்கே இந்த ஏற்ற இறக்கம் ஒரு அடையாளம்.

பைக்குள் போடும் சீட்டில் பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் ஈரத்தில் ஊறி ஓடிவிடும். அப்படி ஒரு பை நிறையப் பெயரில்லாத மண்ணோடு நான் ஊர் திரும்பியிருக்கிறேன். குழியை அன்று மாலையே மூடிவிடுங்கள். அடிமண் முதலில், மேல்மண் கடைசியில். திறந்து கிடக்கும் குழி இரவில் வரும் மானுக்கும் யானைக்குட்டிக்கும் பொறி.

கொள்ளிடக்கரையில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் படுகை இருக்கிறது. ஆற்றை ஒட்டிய பக்கம் மேடும் மணலும். ஆற்றைவிட்டுத் தள்ளிப் போனால் பள்ளமும் களியும். ஆறு பக்கத்தில் இருக்கும்போது அங்கேதானே பள்ளமாக இருக்க வேண்டும்?
*விவசாயி, லால்குடி*

ஐயா, உங்கள் நிலத்தைப் பார்த்தே பாதிப் பதிலை எழுதிவிட்டீர்கள். வெள்ளம் கரை புரளும்போது ஆற்றுக்குள் வேகமாக ஓடிய தண்ணீர், கரையைத் தாண்டியதும் பரந்து விரிந்து வேகம் இழக்கிறது. கனமான மணலை அங்கேயே, கரையிலேயே போட்டுவிடுகிறது. அதனால் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் கரை கொஞ்சம் உயரும். லேசான வண்டலும் களியும் தண்ணீரோடு உள்ளே போய், தண்ணீர் தேங்கி நிற்கும் பள்ளத்தில் மெதுவாகப் படியும். உங்கள் ஊரில் 'எக்கல்' என்று சொல்வதும் 'களி' என்று சொல்வதும் ஒரே வெள்ளம் இறக்கிவைத்த இரண்டு மூட்டைகள்தான்.

இதை ஒரு பாட்டிலில் பார்க்கலாம். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், ஒரு சிட்டிகை துணிசோப்புத் தூள். நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் உட்கார்ந்துவிடும். வண்டல் சில மணி நேரம் எடுத்துக்கொள்ளும். களி மறுநாளும் கலங்கலாக மிதந்துகொண்டிருக்கும். ஓடும் ஆறும் இதைத்தான் செய்கிறது, பாட்டில் மட்டும்தான் பெரிசு.

என்ன நடலாம் என்று கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருக்கிறீர்கள். மணல் மேட்டில் புங்கு, இலுப்பை. தண்ணீர் நிற்கும் களிப்பக்கம் நாவலும் மருதும் தாங்கும். கரைச்சரிவில் தானாக நிற்கும் நாணலைக் களை என்று பிடுங்காதீர்கள், மண்ணைப் பிடித்துவைப்பதே அதன் வேர்தான்.

மருதம் என்ற திணைப் பெயர் உண்மையிலேயே மரத்தின் பெயரால் வந்ததா? மாணவர்களுக்குக் காட்ட மரம் கிடைக்கவில்லை.
*தமிழாசிரியை, கும்பகோணம்*

ஆம், குறிஞ்சியும் முல்லையும் பூவின் பெயரில் வந்தது மாதிரி, ஆற்று வளம் கொண்ட வயல்நிலத்துக்கு அங்கே நின்ற மருதின் பெயர் வந்தது. உங்களுக்கு வெகு அருகில் திருவிடைமருதூர் இருக்கிறது, ஊர்ப்பெயரிலேயே மரம். தலமரமும் மருதுதான். நெல்லைச் சீமையில் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். அங்கே மருதிலும் இலுப்பையிலும் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டுவதற்காகவே 2005இல் ஒரு சிறிய இடத்தைப் பறவைகள் பாதுகாப்புக் காப்பகமாக அறிவித்தார்கள்.

இன்னொன்றையும் வகுப்பில் சொல்லுங்கள். துருத்தி என்றால் ஆற்றிடைத் திட்டு. திருப்பூந்துருத்தி, குத்தாலத்தின் பழம்பெயரான திருத்துருத்தி எல்லாம் ஆறு எங்கே மண் போட்டது என்பதற்கு ஊர்ப்பெயரில் நிற்கும் சாட்சிகள். மண்ணியல் படித்த எனக்குத் தேவாரத் தலங்களின் பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் பழைய காவிரியின் வரைபடம் ஒன்று விரிகிற மாதிரி இருக்கும்.

மரத்தை அடையாளம் காணச் சொல்லித்தாருங்கள். வெளிறிய வழவழப்பான பட்டை, தகடு தகடாக உரியும். இலைக்காம்பு சேரும் இடத்தில் கீழ்ப்புறம் இரண்டு சிறு சுரப்பிகள். காயைப் பிடித்துப் பார்த்தால் ஐந்து இறக்கைகள். அது தண்ணீரில் மிதக்கும்.

மருத மரத்தின் சுற்றளவை எங்கே அளப்பது? சாய்ந்த மரம், இரண்டாகப் பிரிந்த மரம் என்றால்?
*இளநிலை மாணவர், திருச்சி*

தரையிலிருந்து 1.37 மீட்டரில். ஒரு குச்சியை அந்த நீளத்துக்கு வெட்டி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் நாடா விரிக்க வேண்டாம். சாய்ந்த மரத்தில் சாயும் பக்கத்தில் தண்டின் நீளத்தோடு அளந்து, தண்டுக்குச் செங்குத்தாக நாடாவைச் சுற்றுங்கள். அந்த உயரத்துக்குக் கீழேயே பிரிந்திருந்தால் இரண்டையும் தனித்தனியாக அளந்து "ஒரே மரம்" என்று குறியுங்கள். அடிமரம் விரிந்திருந்தால் விரிவு முடிந்ததற்கு மேலே அளந்து, எந்த உயரத்தில் அளந்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

அடிமரப் பரப்பு, அதாவது அந்த உயரத்தில் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பு, கணக்கிடச் சுற்றளவைச் சுற்றளவாலேயே பெருக்கி 12.57ஆல் வகுக்க வேண்டும். 4 மீட்டர் சுற்றளவுள்ள ஒரே ஒரு மருது, 40 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள நூறு இளமரங்களுக்குச் சமமான பரப்பைக் காட்டும். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இன்னொரு கேள்விக்கு இது தேவைப்படும்.

ஊர்க்காரர்கள் ஒரு செடியைக் 'கடம்பு' என்கிறார்கள், நூலில் வேறு செடிக்கு அந்தப் பெயர் இருக்கிறது. யாரை நம்புவது?
*வாசகி, மேட்டூர்*

இருவரையும் நம்புங்கள், மாதிரியை மட்டும் எடுத்துவையுங்கள். வெண்கடம்பு, செங்கடம்பு, நீர்க்கடம்பு என்று மூன்று வெவ்வேறு மரங்கள் உண்டு. செங்கடம்பு தாவரவியல் பெயரில் பேரிங்டோனியா, நீர்நிலை ஓரத்தில் செம்பூச்சரம் தொங்கவிடும். நீர்க்கடம்பு மித்ராகைனா, சிறு பந்து மாதிரிப் பூக்கும். 'காட்டலரி' என்ற பெயரிலும் இதே குழப்பம் உண்டு. ஒகேனக்கல் பாறை இடுக்கில் அரளி இலையோடு புதராக நிற்கும் ஹோமோனோயாவை அப்படிச் சொல்வார்கள். கடலோரத்தில் அதே பெயரை உதளை மரத்துக்கும் சொல்வார்கள், அது நஞ்சு. அந்தப் பாறைப் புதர் எனக்கு மிகப் பிடித்த செடி. வெள்ளம் தலைக்கு மேல் போகும்போது வளைந்து படுத்துவிடும், வேர் பாறையை விடாது. தண்ணீர் வடிந்தால் குப்பையைச் சுமந்தபடி நிமிரும்.

பூவோ காயோ உள்ள கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, தாளைத் தினமும் மாற்றி உலர்த்துங்கள். ஊர்ப்பெயர், சொன்னவர், இடம், மண் எல்லாவற்றையும் சீட்டில் எழுதுங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்திலும், திருச்சி புனித வளனார் கல்லூரியின் ராபினட் உலர்தாவரகத்திலும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

வேளாண் துறை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதுமா?
*மாணவி, சேலம்*

கார அமில நிலை, உப்பு அளவு, தழை மணி சாம்பல் சத்துகளுக்குப் போதும். ஆனால் படுகைக் காட்டுக்கு முதலில் தெரிய வேண்டியது மணல், வண்டல், களியின் விகிதம். அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். மண்ணின் அடர்த்திக்கு 100 கன சென்டிமீட்டர் உருளையை அடுக்குக்குள் அழுத்தி எடுத்து, 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி எடை போட்டால் போதும். களத்திலேயே விரல் சோதனையும் செய்யுங்கள். ஈரமண்ணைக் கட்டைவிரலால் தள்ளிப் பட்டையாக்கிப் பாருங்கள். ஒரு அங்குலம்கூட நீளாமல் உடைந்தால் மணற்பாங்கு அதிகம், இரண்டு அங்குலத்துக்கு மேல் நீண்டால் களி. பத்துக் குழிக்குப் பிறகு உங்கள் விரல் ஆய்வகத்தோடு ஒத்துப்போகத் தொடங்கும்.

சீமைக்கருவேலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டுமா? அது நம் மரம் இல்லையே.
*வாசகர், கரூர்*

சதுரத்துக்குள் நின்றால் சேர்க்க வேண்டும். உண்ணிச்செடியையும் நெய்வேலிக் காட்டாமணக்கையும் கூட. பிடிக்காததை விட்டுவிட்டு எழுதும் கணக்கு, அது எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையே மறைத்துவிடும்.

நீங்கள் எழுதிய கரையில் பெரிய மருதங்கள் நிறைய நிற்கின்றன என்கிறீர்கள். பிறகு ஏன் கவலைப்படுகிறீர்கள்?
*ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், தருமபுரி*

பெரிய மரங்கள் நிற்பதால்தான் கவலை, ஐயா. நூறு இளமரத்துக்குச் சமமான ஒரு கிழமரம் என்று மேலே கணக்குச் சொன்னேனே, அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் காடு செழிப்பாகத் தெரியும். சாம்பல் நிற மலையணில் அந்தக் கிளைகளில் கூடு கட்டுகிறது, நீர்நாய் அந்த வேர்களுக்கு இடையே குட்டி வளர்க்கிறது, பார்க்கவே மனம் நிறையும். குனிந்து ஒரு மீட்டர் சதுரத்தில் நாற்றைத் தேடினால்தான் நெஞ்சு கனக்கும். என் குறுக்குக்கோடுகளில் நான்கு மீட்டர் சுற்றளவு மருதுகள் உண்டு, விரல் பருமன் மருதுகள் உண்டு. தொடை பருமனில் நிற்க வேண்டிய நடுத்தலைமுறையைத்தான் காணவில்லை.

மருதுக்காய் கோடையில் பழுத்து உதிரும். பிறகு ஆனி, ஆடியில் ஆறு பெருகும். ஆடிப்பெருக்கு என்று நாம் கொண்டாடும் அந்தப் புதுவெள்ளம்தான் காயைச் சுமந்துபோய், வடியும்போது ஈர வண்டலில் ஒதுக்கி வைக்கும். புதுவண்டல் அதற்குத் தொட்டில். முளைத்த நாற்று அடுத்த வெள்ளத்துக்குள் வேர்பிடித்து, மாட்டுக்கும் கோடைத் தீக்கும் தப்பி, வெகுநாள் நிற்க வேண்டும். மேலே கிருஷ்ணராஜ சாகரும் கபினியும் தண்ணீரைத் தேக்கி விடுகின்றன. இயல்பாக ஏறி இறங்கிய ஆறு, மதகைத் திறந்தால் ஏறுகிறது, மூடினால் ஒரே இரவில் இறங்குகிறது. வண்டலில் ஒரு பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. 2018 ஆகஸ்டில் விநாடிக்கு இரண்டு லட்சம் கன அடி அளவில் வந்த மாதிரியான பெருவெள்ளம் வந்தால், பல ஆண்டு நாற்றுகள் ஒரே வாரத்தில் அடித்துச் செல்லப்படுகின்றன அல்லது மணலில் புதைகின்றன. பெருவெள்ளம் எப்போதும் இருந்ததுதான். இடையில் வந்துகொண்டிருந்த சின்ன வெள்ளங்கள்தான் குறைந்துவிட்டன என்பது என் கணிப்பு.

நாற்று எந்த மண்ணில் பிழைக்கிறது என்று தெரியாமல் இதற்கு மருந்து சொல்ல முடியாது. நான் பார்த்த அளவில், பருமணலில் முளைத்தவை வைகாசிக்குள் காய்ந்துவிடுகின்றன. மணலுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்குள் வண்டல் இருந்த இடங்களில் தாக்குப்பிடித்து நிற்கின்றன. மேலே நின்று பார்த்தால் இரண்டும் ஒரே மணல்தான். அதனால்தான் மரம் எண்ணுபவர்களிடம் மண்வெட்டியும் கொண்டுபோங்கள் என்று கெஞ்சுகிறேன்.

எங்கள் அப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். காட்டில் மரம் எண்ண வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு போவார், மரத்தின் பெயரெல்லாம் அவர்தான் சொல்வார். அச்சடித்து வந்த புத்தகத்தில் அப்பா பெயர் இல்லை. நீங்களும் அப்படித்தானா?
*ஒன்பதாம் வகுப்பு மாணவி, பென்னாகரம்*

கண்ணு, உன் கடிதத்தைப் படித்துவிட்டு என் பழைய அறிக்கைகளை எடுத்துப் பார்த்தேன். முதல் இரண்டில் நானும் அப்படித்தான் விட்டிருக்கிறேன். "உள்ளூர் உதவியாளர்" என்று ஒரு வரி. அது தவறு. ஆற்றுப்பாலை எந்தத் திட்டில் நிற்கிறது, நீர்நொச்சி எந்த மடுவுக்கு மேலே என்று எனக்குக் காட்டியவர்கள் பரிசல்காரர்களும் மீன்பிடிப்பவர்களும்தான். பிறகு எழுதியவற்றில் ஒவ்வொருவர் பெயரையும், அவர் சொன்ன மரப்பெயர்களையும் சேர்த்திருக்கிறேன். மேலே எனக்கு எழுதியிருக்கும் மாணவர்களும் சேர்ப்பார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு ஒரு உதவி செய்வாயா? பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் தினமும் தண்ணீர் அளக்கிறது, எத்தனை கன அடி என்று தெரியும். ஆனால் எந்த ஆண்டு வெள்ளம் எந்த மரத்தின் எந்தக் கிளைவரை வந்தது என்று அந்தக் கணக்கில் இல்லை. கிளையில் சிக்கிய வைக்கோலும் துணியும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும், அப்பா நினைவில் மட்டும் இருக்கும். பரிசல் துறையிலிருந்து மேலே போகும்போது அவர் அடையாளம் வைத்திருக்கும் ஐந்து மரங்களைக் கேள். 2005இல் தண்ணீர் எங்கே நின்றது, 2018இல் எங்கே நின்றது, அதற்கு முன்னால் அவருடைய அப்பா காலத்தில் எங்கே நின்றதாகச் சொல்வார்கள் என்று கேட்டு, அவர் பெயரை மேலே எழுதி, ஒரு தாளில் படம் போட்டு அனுப்பு. அடுத்த கோடையில் தண்ணீர்க் குழாயோடு வந்து அந்த ஐந்து மரத்தையும் நானே அளக்கிறேன். அப்பாவைத்தான் பரிசல் ஓட்டச் சொல்ல வேண்டும்.